ஓவர்டிரைவ் பெடலில் என்ன குறை? சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிப்போம்

ஓவர்டிரைவ் பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) நடுவில் வைத்து, காலால் மிதித்து, சத்தத்தைக் கரகரப்பாக்குகிற சின்னப் பெட்டி. எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த ஓவர்டிரைவ் பெடல் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "இப்போது வருகிற சத்தத்தில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை?" அதற்குத் தெளிவான பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிலருக்குப் புதுப் பெடலே தேவைப்படாது, இருக்கிற பெடலில் இரண்டு நாப்களைத் திருப்பினால் போதும். சிலரிடம் இருப்பது அருமையான பெடலாகவே இருக்கும், ஆனால் அவர்களுடைய ஆம்ப்போடு சேராது. இன்னும் சிலருக்குக் கோளாறு சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் இருக்கும்.

அதனால் பெடல்களின் பெயரை வரிசையாக அடுக்காமல், காதில் விழுகிற குறைகளை வைத்து எழுதுகிறேன். உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். இந்த முதல் பகுதியை மட்டும் எல்லோரும் ஒருமுறை செய்துவிட்டுப் போங்கள்.

எதற்கும் முன்னால் பத்து நிமிடம்

மற்ற பெடல்களை எல்லாம் கழற்றிவிடுங்கள். கிட்டார், ஒரு கேபிள், ஓவர்டிரைவ் பெடல், இன்னொரு கேபிள், ஆம்ப். அவ்வளவுதான். பெடலில் புதிய 9 வோல்ட் பேட்டரி போடுங்கள், அடாப்டர் வேண்டாம். ஆம்ப்பில் பேஸ் (கீழ் ஒலிகள்), மிட் (நடு ஒலிகள்), ட்ரெபிள் (கூரிய மேல் ஒலிகள்) மூன்றும் நடுவில். ரிவெர்ப் வேண்டாம். கிட்டாரின் வால்யூமும் டோனும் முழுசாக.

பெடலை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் வாசியுங்கள். அந்தச் சுத்தமான சத்தமே மந்தமாகவோ கீச்சென்றோ இருந்தால் எந்தப் பெடலும் அதைச் சரிசெய்யாது. மந்தமாக இருந்தால் பெரும்பாலும் பழைய ஸ்டிரிங்தான் காரணம். கடலோர ஊர்களில் வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து கம்பி சீக்கிரம் செத்துவிடுகிறது, கண்ணுக்குத் துரு தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது பெடலை ஆன் செய்யுங்கள். அதில் பெரும்பாலும் மூன்று நாப்கள் இருக்கும்: டிரைவ் கரகரப்பின் அளவு, லெவல் வெளியே வரும் சத்தத்தின் அளவு, டோன் ட்ரெபிளின் அளவு. டிரைவைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள், டோன் நடுவில். லெவல் நாப்பை மட்டும், பெடல் ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும் ஒரே அளவு சத்தம் வரும்வரை திருப்புங்கள். இந்த ஒரு காரியத்தைப் பலர் செய்வதில்லை. சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது "இது நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். கடையில் வாங்கும்போது பிரமாதமாகத் தோன்றிய பெடல் வீட்டுக்கு வந்ததும் சாதாரணமாகத் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். சமமான சத்தத்தில் வைத்துக்கொண்டு டிரைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கூட்டும்போதெல்லாம் லெவலை அதற்கேற்பக் குறையுங்கள்.

பெடலுக்குள் நடப்பது இதுதான். கிட்டாரிலிருந்து வரும் சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, டயோடுகளின் மேல் மோத விடுகிறார்கள். சிலிக்கான் டயோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும், அதற்கு மேல் அலையின் உச்சி மழுங்கிவிடும். அந்த மழுங்கலில் மூல ஸ்வரத்துக்கு மேலே பிறக்கும் கூடுதல் ஒலிகளான ஹார்மானிக்ஸைத்தான் நாம் கரகரப்பு என்று கேட்கிறோம். மழுங்குவதற்கு முன்னால் எவ்வளவு பேஸை வெட்டுகிறார்கள், மழுங்கிய பிறகு எவ்வளவு ட்ரெபிளை வெட்டுகிறார்கள் என்ற இரண்டு முடிவுகள்தான் ஒரு பெடலின் குணத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. கீழே வரும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும்.

"கீழ்க் கம்பிகளில் வாசித்தால் சேறு மாதிரி கலங்குகிறது"

ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் போட்ட கிட்டார், கழுத்தை ஒட்டிய நெக் பிக்கப், டிரைவ் இரண்டு மணிக்கு மேல் (நாப்பின் கோட்டைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்). இந்த மூன்றும் சேர்ந்தால் அநேகமாக இந்தக் குறை வரும். பேஸ் முழுவதும் வெட்டப்படாமல் டயோடுகள் வரை போய்விடுகிறது. பேஸ் அலைகள் பெரியவை. அவை முதலில் மழுங்கி, மேலே இருக்கிற நுணுக்கங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் சோதனை, கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜை ஒட்டிய பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறுங்கள். கலங்கல் பாதியாகக் குறைந்தால் காரணம் பேஸ்தான். அடுத்து, டிரைவை பாதியாக்குங்கள். அப்போதும் போதாவிட்டால், பேஸை முன்கூட்டியே வெட்டும் பெடல் உங்களுக்குத் தேவை. ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் இந்த வகையின் தலைமகன். 1970களின் முடிவில் ஜப்பானில் வந்தது. அதன் பெருக்கும் பகுதியில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கின்றன. அவை இரண்டும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைப் படிப்படியாகக் குறைவாகவே பெருக்க விடுகின்றன. கிட்டாரின் கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அதாவது அந்த ஸ்வரத்தின் அடித்தளம் ஏறக்குறைய மழுங்காமலே கடந்துவிடுகிறது, மேல் ஹார்மானிக்ஸ் மட்டும் கரகரக்கிறது. மெட்டல் வாசிக்கிறவர்கள் ஏற்கெனவே மிகுந்த டிஸ்டார்ஷன் உள்ள ஆம்ப்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமரை வைத்து, டிரைவைப் பூஜ்யத்திலும் லெவலை முழுசாகவும் திருப்பிவைப்பது இதற்காகத்தான். அவர்களுக்கு அதன் கரகரப்பு வேண்டாம், பேஸ் வெட்டு மட்டும் வேண்டும்.

இதில் இன்னொரு வகைக் கலங்கல் உண்டு. பவர் கார்ட் (ச–ப மட்டும் பிடிப்பது) நன்றாக இருக்கும், காந்தாரமும் சேர்ந்த முழு மேஜர் கார்ட் பிடித்தால் மட்டும் கசக்கும். பலரும் இதைப் பெடலின் மேல் சுமத்துகிறார்கள். இது இசையின் கணக்கு. இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து மழுங்கடித்தால், இரண்டின் வித்தியாசத்துக்குச் சமமான மூன்றாவது ஒரு ஸ்வரம் புதிதாகப் பிறக்கும். ஈ 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் பி 123.5 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 41.1. அது ஈ-யின் கீழ் ஸ்தாயி, சரியாகச் சுருதியில் நிற்கிறது. பவர் கார்ட் அவ்வளவு கனமாகக் கேட்பதற்கு இந்த இலவசக் கீழ் ஸ்வரமும் ஒரு காரணம். இப்போது காந்தாரத்தைப் பாருங்கள். ஒரு ஸ்தாயி மேலே ஈ 164.8, ஜி ஷார்ப் 207.7. வித்தியாசம் 42.9. அது ஈ-யும் இல்லை, எஃப்-உம் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எஃப்-ஐ ஒட்டி விழுகிறது. ஃபிரெட்டில் கட்டிய காந்தாரம் தூய காந்தாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் வருகிற வினை. தம்புராவின் ச–ப–ச கேட்டு வளர்ந்த காதுக்கு இது இன்னும் உறுத்தும். டிரைவ் கூடக் கூட இந்தக் கசப்பும் கூடும். தீர்வு விரலில் இருக்கிறது. காந்தாரத்தை விட்டுவிட்டு ச–ப மட்டும் பிடியுங்கள், அல்லது அந்த இடத்தில் கிட்டார் வால்யூமைப் பாதியாக்குங்கள். இதற்காகப் பெடல் மாற்றாதீர்கள்.

"வீட்டில் அருமை, பேண்டோடு வாசித்தால் என் கிட்டார் காணாமல் போகிறது"

இந்தக் குறையை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். வீட்டில் பேஸும் ட்ரெபிளும் தூக்கி, மிட்டைக் குழி பறித்து, பெரிய ஆல்பத்தில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் அமைத்து வைத்திருந்தேன். முதல் ஒத்திகையில் சோலோ வந்ததும் பெடலை மிதித்தேன். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் கேட்டன. என் விரல்கள் ஓடுவது எனக்குத் தெரிந்தது, சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் இருந்தது. லெவலைக் கூட்டினேன். காது வலித்தது, கிட்டார் முன்னால் வரவில்லை. பிறகு ஆம்ப்பில் மிட்டை மட்டும் எட்டுக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்துவிட்ட மாதிரி கிட்டார் வெளியே வந்தது.

பேண்டில் கீழ்ப் பகுதி பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தம், மேல்ப் பகுதி சிம்பலுக்குச் சொந்தம். கிட்டாருக்கு மிச்சமிருக்கிற இடம் சுமார் 500 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரை. அந்த இடத்தைக் குழி பறித்துவிட்டால் நிற்க இடமில்லை. ஃபெண்டரின் பழைய ஆம்ப்களில் இயல்பாகவே மிட் பள்ளமாக இருக்கும். அந்த மாதிரி ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு டியூப் ஸ்க்ரீமரோ, 1981-இல் வந்த பாஸ் நிறுவனத்தின் எஸ்டி-1 பெடலோ கச்சிதமாகப் பொருந்தும். ஆம்ப்பின் பள்ளமும் பெடலின் மேடும் ஒன்றையொன்று நிரப்பிவிடும். புளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான், ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டார், டியூப் ஸ்க்ரீமர், ஃபெண்டர் ஆம்ப் என்று சேர்த்தபோது கிடைத்த சத்தத்துக்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம்.

புதிதாக வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. உங்களுக்குப் பிடித்த பாட்டை ஸ்பீக்கரில் நல்ல சத்தமாகப் போட்டு, கூடவே வாசியுங்கள். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கிற அமைப்புதான் பாட்டோடு சேரும்போது தெளிவாக நிற்கும். அந்த மூக்கடைப்பைக் கேட்டுப் பயந்து பலர் நல்ல பெடலை விற்றுவிடுகிறார்கள்.

"டியூப் ஸ்க்ரீமர் வாங்கினேன், தகர டப்பாவில் பாடுகிற மாதிரி இருக்கிறது"

முந்தைய குறையின் மறுபக்கம் இது. உங்கள் ஆம்ப்பில் மிட் ஏற்கெனவே தூக்கலாக இருக்கும். மார்ஷல் வகை ஆம்ப்கள் அப்படி. அதன் மேல் இன்னொரு மேட்டைச் சேர்த்தால் தகரச் சத்தம்தான் வரும். அல்லது 10 வாட் பயிற்சி ஆம்ப்பாக இருக்கும். ஆறரை அங்குல ஸ்பீக்கரில் பேஸ் முதலிலேயே குறைவு, அதிலும் கொஞ்சத்தைப் பெடல் வெட்டிவிட்டால் மிஞ்சுவது என்ன?

இந்த இடத்தில் பேஸை அதிகம் வெட்டாத பெடல்களைப் பாருங்கள். 1995-இல் வந்த பாஸ் பிடி-2 புளூஸ் டிரைவர் எளிதில் கிடைக்கும், கீழ்ப் பகுதி நிறையவே இருக்கும். மார்ஷல் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட புளூஸ்பிரேக்கர் பெடலின் வழியில் இன்று பல நிறுவனங்கள் பெடல் செய்கின்றன. டிரைவ் குறைவு, மிட் மேடு இல்லை, கிட்டாரின் இயல்பான நிறம் பெரும்பாலும் அப்படியே வரும். வெறும் ஸ்ட்ராட்டும் சின்ன ஆம்ப்பும் வைத்து வீட்டில் தனியாக வாசிப்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத்தான். பேண்டில் சேர்ந்த பிறகு வேறு தேவைப்படலாம், அது அப்போது.

இன்னொன்று. "டிரைவைக் குறைத்து லெவலைக் கூட்டி ஆம்ப்பைத் தள்ளு" என்ற அறிவுரை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது டியூப் (வால்வு) போட்ட ஆம்ப்புக்கான அறிவுரை. அதுவும், டியூப்பில் சத்தம் ஏற்கெனவே உடைந்து கரகரக்கத் தொடங்கும் அளவுக்கு வால்யூம் வைத்திருந்தால்தான் பலன். டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் கிளீன் சேனலில் அப்படித் தள்ளினால் முதலில் வெறும் சத்தம் கூடும், அதற்கு மேல் போனால் கரடுமுரடாக உடையும். அங்கே கரகரப்பு முழுவதையும் பெடலே உண்டாக்க வேண்டும். ஆகவே டிரைவ் பாதிக்கு மேல், லெவல் அளவாக.

"ஹெட்போனில், மிக்ஸரில் போட்டால் குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி"

பெடலை ஆடியோ இன்டர்ஃபேஸிலோ, மேடையில் நேராக மிக்ஸரிலோ செருகுகிறவர்களுக்கு வரும் குறை இது. கல்லூரி விழா, சர்ச் மேடை, சின்னக் கச்சேரி என்று ஆம்ப் இல்லாத இடங்களில் வாசிக்க வேண்டி வரும்போது கட்டாயம் சந்திப்பீர்கள். பெடல் மேல் எந்தத் தப்பும் இல்லை. கிட்டார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று விழுந்துவிடும். மழுங்கிய அலையில் உருவாகும் கூரிய சத்தமெல்லாம் அங்கே வடிகட்டப்படுகிறது. மேடையின் பிஏ ஸ்பீக்கரும் ஹெட்போனும் அப்படி வடிகட்டாமல் எல்லாவற்றையும் காதில் கொட்டிவிடும்.

தீர்வு கேபினெட் சிமுலேஷன் (சுருக்கமாக கேப் சிம்), அதாவது ஆம்ப் ஸ்பீக்கர் பெட்டியின் வடிகட்டலைப் போலச் செய்வது. கணினியில் வாசித்தால் ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் பதிந்து வைத்த ஐஆர் கோப்புகளும், அவற்றை ஓட்டும் ஐஆர் லோடர் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றன. மேடைக்கு, கேப் சிம் உள்ள சின்னப் பெடல், அல்லது கேப் சிம் உள்ள டிஐ பாக்ஸ் (கிட்டாரை நேராக மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி). எதுவுமே கையில் இல்லாத நாளில் சவுண்ட் அண்ணனிடம் கேட்டு, உங்கள் சேனலில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். பெடலின் டோனையும் ஒன்பது மணிக்குக் கொண்டுவாருங்கள். அழகாக இருக்காது, ஆனால் சமாளிக்கலாம். இந்தக் குறையோடு வருகிறவர்கள் ஓவர்டிரைவ் பெடலை மாற்றுவதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

"மெதுவாக மீட்டினாலும் பலமாக மீட்டினாலும் ஒரே மாதிரி"

டிரைவ் அதிகம். டியூப் ஸ்க்ரீமரில் டிரைவ் முழுசாக இருந்தால் பெருக்கம் 118 மடங்கு வரை போகும். அந்த அளவில் மெல்லிய மீட்டலும் டயோடை முட்டிவிடும், பலமான மீட்டலும் அதே இடத்தில்தான் முட்டும். டிரைவைக் கீழே முழுசாகத் திருப்பினாலும் 12 மடங்கு மிச்சமிருக்கும். சூடான ஹம்பக்கர் உள்ள கிட்டாருக்கு அதுவே தாராளம்.

இப்படிப் பழகிப் பாருங்கள். கிட்டார் வால்யூமை ஆறில் வைத்து, அந்த நிலையில் சத்தம் சற்றே உடைகிற அளவுக்கு டிரைவை அமைத்துக்கொள்ளுங்கள். கார்டுக்கு ஐந்து, ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வரும் சிறு வாசிப்பு) ஏழு, சோலோவுக்குப் பத்து. சுண்டுவிரலால் வால்யூமைத் திருப்பக் கற்றுக்கொண்டால் ஒரே பெடல் மூன்று பெடலின் வேலையைச் செய்யும். வால்யூமைக் குறைக்கும்போது ட்ரெபிளும் சேர்ந்து செத்துப்போனால், வால்யூம் நாப்புக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் ட்ரெபிள் பிளீட் என்று ஒரு சின்னக் கெப்பாசிட்டர் சேர்க்கச் சொல்லுங்கள். சால்டரிங் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.

இதெல்லாம் செய்தும் கைக்குக் கட்டுப்படவில்லை என்றால், குறைந்த டிரைவ் கொண்ட பெடல் பக்கம் வாருங்கள். 1994-இல் வந்த கிளான் சென்டார் என்ற பெடலின் வழியில் வருகிற பெடல்கள் சுத்தமான சிக்னலையும் கரகரப்பையும் கலந்து வெளியே விடும். டிரைவ் குறைவாக இருக்கும்போது சுத்தமான பங்கு அதிகம், அதனால் மீட்டலின் முனை மழுங்காது. மூலப் பெடலின் விலை விண்ணைத் தொட்டுவிட்டது. அதே சர்க்யூட்டில் வருகிற மலிவான பெடல்களே இந்த வேலைக்குப் போதும்.

"பெடலை ஆன் செய்தால் உம்ம்ம், ஸ்ஸ்ஸ், பர்ர்ர்"

மூன்றும் மூன்று வெவ்வேறு நோய். எது என்று முதலில் பிரித்துக் கேட்க வேண்டும்.

சீரான "ஸ்ஸ்ஸ்" பெருக்கத்தின் விலை. 118 மடங்கு என்பது 41 டெசிபெல். கிட்டாரோடு வருகிற மெல்லிய இரைச்சலும் அதே அளவு உயரும். டிரைவைக் குறைத்தால் குறையும். முழுசாகப் போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. வாசிக்கும்போது கேட்காது.

"உம்ம்ம்" என்ற அடித்தொனி நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் அதை ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் சத்தம் கூடி இன்னொரு திசையில் குறைந்தால் காரணம் பிக்கப்தான். ஆம்ப்பையும் அடாப்டர்களையும் விட்டு இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றியிருக்கும் ஸ்ட்ராட்களில் செலக்டர் ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது இடங்களில் இந்த ஹம் காணாமல் போகும்.

கூரிய "பர்ர்ர்" சத்தத்துக்கு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டர், மங்கலாக்கும் ஸ்விட்ச், மலிவான எல்இடி பல்பு, கரண்ட் போனபோது ஓடுகிற இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலே சத்தம் குறைவதுண்டு.

அடுத்து, கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால், கிட்டாரின் வயரிங் இயல்பாகத்தான் இருக்கிறது. உங்கள் உடம்பு வாங்குகிற இரைச்சல் எர்த்துக்குப் போகிறது. தொட்டவுடன் கூடினால் பிரிட்ஜுக்குப் போகிற எர்த் வயர் விட்டிருக்கலாம், அல்லது பிளக் பாயிண்டிலேயே எர்த் இல்லாமல் இருக்கலாம். நம் ஊரில் பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. கம்பியிலோ மைக்கிலோ கை பட்டதும் சுருக்கென்று இழுத்தால் உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஹம்மைக் குறைக்கிறேன் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள். அந்தப் பின்தான் உங்கள் உயிருக்குக் காவல்.

பேட்டரியில் அமைதியாக இருந்த பெடல் அடாப்டர் செருகியதும் இரைகிறதா? அப்படியானால் குற்றவாளி கிடைத்துவிட்டது. போன் சார்ஜர் மாதிரி வேலை செய்கிற மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் இரைச்சல் அதிகம். ஒரே அடாப்டரிலிருந்து ஐந்தாறு பெடலுக்குக் கிளை பிரித்து, அதில் எதிரொலி தருகிற டிஜிட்டல் டிலே பெடலும் இருந்தால் "கீஈஈ" என்று ஒரு மெல்லிய விசில் ஓவர்டிரைவ் வழியாக வரும். டிஜிட்டல் பெடலுக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள். அது தீர்த்துவிட்டால், வசதிப்படும்போது ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்கலாம். இன்னொரு ஓவர்டிரைவ் வாங்குகிற காசை இதில் போட்டால் இருக்கிற எல்லாப் பெடலும் நன்றாகக் கேட்கும்.

"பெடல் எரியவே இல்லை" அல்லது "பேட்டரி இரண்டு நாளில் தீர்கிறது"

பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக்தான் பேட்டரியின் ஸ்விட்ச். கேபிளைச் செருகினால் பேட்டரி ஓடத் தொடங்கும், பெடலை மிதித்து அணைத்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.

அடாப்டர் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். 9 வோல்ட் டிசி என்று இருக்க வேண்டும். வெளியீட்டில் ஏசி என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். நடுப் பின் நெகட்டிவாக இருக்க வேண்டும். அடாப்டரின் மேல் வட்டமும் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் இருக்கும், நடுப் புள்ளியோடு கழித்தல் குறி சேர்ந்திருந்தால் சரி. வீட்டில் கிடக்கிற கீபோர்டு அடாப்டர் துளைக்குள் கச்சிதமாகப் போகும், ஆனால் சிலவற்றில் நடுப் பின் பாசிட்டிவ். அதைச் செருகிப் பெடலைப் பொசுக்கியவர்கள் உண்டு. மில்லி ஆம்பியர் கணக்கைப் பற்றி ஓவர்டிரைவுக்குக் கவலையே வேண்டாம், அனலாக் பெடல் மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். 18 வோல்ட், பெடலோடு வந்த தாளில் அனுமதி இருந்தால் மட்டும்.

"சோலோவில் மிதித்தால் கரகரப்பு கூடுகிறது, சத்தம் கூடவில்லை"

ஆம்ப்போ அடுத்த பெடலோ ஏற்கெனவே மழுங்கிக்கொண்டிருக்கிறது. மழுங்கிய அலைக்கு மேலே இடமில்லை, எவ்வளவு தள்ளினாலும் இன்னும் மழுங்கும், உயராது. இரண்டு ஓவர்டிரைவ் வைத்திருந்தால் வரிசையை மாற்றிப் பாருங்கள். எது பின்னால் இருக்கிறதோ அதன் லெவல் நாப்தான் மொத்தச் சத்தத்தை ஆளும். குறைந்த டிரைவ் உள்ளதைப் பின்னால் வைத்து அதன் லெவலைக் கூட்டினால், சுத்தமாக நிற்கிற ஆம்ப்பில் சோலோ எழும்பி வரும். ஆம்ப்பே உடைந்த நிலையில் இருந்தால், அதன் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்ப்பின் முன்பகுதிக்குப் பிறகு பெடல் செருகும் இடம்) ஒரு கிளீன் பூஸ்ட் (கரகரப்பு சேர்க்காமல் சத்தத்தை மட்டும் கூட்டும் பெடல்) வைக்க வேண்டும். ஓவர்டிரைவை லூப்பில் வைக்காதீர்கள், அது ஆம்ப்பின் முன்வாசலில் இருக்க வேண்டிய பொருள்.

"பெடல் அணைந்திருக்கும்போதே சத்தம் மங்கலாக இருக்கிறது"

கேபிளின் நீளம். ஒரு மீட்டர் கேபிளில் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். பெடல்கள் எல்லாமே ட்ரூ பைபாஸாக (அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போவது) இருந்து, முன்னால் 6 மீட்டர், பின்னால் 6 மீட்டர் கேபிள் போட்டால் பிக்கப் அத்தனையையும் தனியாக இழுக்க வேண்டும், ட்ரெபிள் கரைந்துவிடும். வரிசையில் முதலில் ஒரு பஃபர் (நீண்ட கேபிளை இழுக்கும் சுமையைப் பிக்கப்பிடமிருந்து வாங்கிக்கொள்ளும் சர்க்யூட்) உள்ள பெடல் இருந்தால் போதும். டியூப் ஸ்க்ரீமரிலும் பாஸ் பெடல்களிலும் அணைத்த பிறகும் பஃபர் வேலை செய்யும். "ட்ரூ பைபாஸ் இல்லை" என்று அவற்றை ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய ஃபஸ் பெடல் (இன்னும் கடுமையாக மழுங்கடிக்கும் வகை) மட்டும் விதிவிலக்கு, அது பஃபருக்கு முன்னால் இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது

குறையைக் கண்டுபிடித்த பிறகும் புதுப் பெடல் தேவை என்றால் உங்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போங்கள். கடையில் மாட்டியிருக்கும் விலை உயர்ந்த கிட்டாரில் சோதித்தால் அந்தக் கிட்டாரைத்தான் சோதிக்கிறீர்கள். உங்களிடம் இருக்கிற ஆம்ப், அல்லது அதற்கு நெருங்கிய ஒன்றைப் போடச் சொல்லுங்கள். உங்களுடையது 10 வாட் என்றால் கடையிலும் 10 வாட்டில்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு பெடலிலும் லெவலைச் சமமாக்கிவிட்டு நான்கே காரியம் செய்யுங்கள். கீழ் ஈ கம்பியில் ஒரு ரிஃப், கலங்குகிறதா என்று. முழு ஜி கார்ட் ஒன்று, ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் ஒரு நீண்ட ஸ்வரம், இளைத்துப் போகிறதா என்று. கடைசியாகக் கிட்டார் வால்யூமை நான்குக்குக் குறைத்து அதே கார்டை மெதுவாக மீட்டுங்கள். இந்த நான்காவது சோதனையில் தேறுகிற பெடலைத்தான் நான் வாங்குவேன், மற்ற மூன்றில் சுமாராக இருந்தாலும். டிரைவ் நாப்பை முழுசாகத் திருப்பி வாசித்துக் காட்டுகிற கடைப் பையனிடம், "தம்பி, கொஞ்சம் ஒன்பது மணியில் வைத்து வாசியுங்க" என்று கேளுங்கள்.